ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும் வண்டி உதறுது, காலை எடுத்தா உதறல் நின்னுடுது – உதவி பண்ணுங்க

பவானிக்காரன்
வணக்கங்க. 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 90,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. இப்ப கொஞ்ச நாளா ரெண்டாவது மூணாவது கியர்ல மிதிச்சு எடுத்தா 40லருந்து 70க்குள்ள முன்பக்கம் பூரா இடதும் வலதுமா உதறுதுங்க, காலை எடுத்தா உடனே நின்னுடுது. பண்ணாரி தாண்டி திம்பம் போனோம், 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கற வரைக்கும் ஆட்டம், அதே ரோட்டுல இறங்கும்போது ஒண்ணுமே இல்ல. டயர் கடைல டயர் மாத்துங்கறாங்க, ஷெட்ல இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினை தாங்கற ரப்பர்) போயிருக்கும்ங்கறாங்க, இன்னொருத்தர் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு கரன்ட் குடுக்கறது)ங்கறார். எல்லாத்தையும் மாத்திப் பாக்க கட்டுப்படியாகாதுங்க. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற வண்டி, நடுவழில நின்னுடுமோன்னு பயமா இருக்கு.

சேலம் ஸ்பேனர்
தம்பி எதையும் இப்ப மாத்தாதீங்க. முதல் வேலையா நாலு வீல்லயும் நட்டு டைட்டா இருக்கான்னு ஸ்பேனர் போட்டுப் பாருங்க, அது லூசா இருந்தா மத்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். அடுத்து, காலியான நேரான ரோட்டுல மிதிச்சு எடுத்து ஆட்டம் வந்ததும் கிளட்ச்சை அழுத்தி ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுங்க. அப்பவும் ஆடுச்சுன்னா டயர், ரிம், பேலன்ஸ் பக்கம். உடனே நின்னா டயரை விட்டுடலாம். அப்புறம் வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல 3000 ஆர்பிஎம் வரைக்கும் ரேஸ் பண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க. ஃபர்ஸ்ட் கியர்ல நகரும்போது மட்டும் உதறினா அது கிளட்ச், உங்களுது அப்படி தெரியல.

மதுரை மெக்
ப்ரோ, செக் இன்ஜின் லைட் எரியுதா? லோடு ஏறும்போது மட்டும் மிஸ் ஆகற (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம விடற) காயில் நிறைய பாத்திருக்கேன், ஐடில்ல சும்மா நல்லாதான் ஓடும். ஸ்கேனர் போட்டா P0301லருந்து P0304 வரைக்கும் எந்த கோடு (பிழை நம்பர்) வருதோ அந்த சிலிண்டர்தான் மிஸ் ஆகுது, P0300 வந்தா எதுன்னு நிலையா இல்லாம மாறி மாறி மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கற வண்டின்னா கோடு வந்த சிலிண்டர் காயிலை பக்கத்து சிலிண்டர்ல மாட்டுங்க, கோடும் கூடவே நகர்ந்தா காயில்தான், காசு செலவில்லாத டெஸ்ட். லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா ஓட்டவே கூடாது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பைப்புல புகையை சுத்தம் பண்ற கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையும் காலி பண்ணிடும்.

பவானிக்காரன்
ரொம்ப நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். வீல் நட்டு டைட்டா இருக்குங்க. கிளட்ச் அமுக்கினதும் ஆட்டம் சுத்தமா நின்னுடுச்சு. நிக்கற வண்டில ரேஸ் பண்ணா ஒரு நடுக்கமும் இல்ல. லைட் எரியல, ஸ்கேனர்லயும் கோடு எதுவும் இல்ல, இழுவையும் குறையலைங்க. இன்னொண்ணு, மூணாவது கியர்ல மெதுவா மிதிச்சா அதே 60ல ஆட்டம் இல்ல, நல்லா மிதிச்சாதான்.

சேலம் ஸ்பேனர்
அப்ப ஆக்சில் (கியர் பாக்ஸ்லருந்து வீலுக்கு போற ஷாஃப்ட்) உள் ஜாய்ன்ட்தான் தம்பி, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கறது, எனக்கு முக்கால்வாசி நிச்சயம். வீல் பக்கம் இருக்கற வெளி ஜாய்ன்ட் போனா வளைவுல டிக் டிக்னு சத்தம் வரும், உள் ஜாய்ன்ட் சத்தம் போடாம உதறும். உள்ள ஒரு கிண்ணத்துல மூணு பள்ளம், அதுல மூணு உருளை ஓடும். பூட் (ஜாய்ன்ட்டை மூடற ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் போய் மண்ணு ஏறிட்டா பள்ளத்துல தேய்மானம் விழும், நல்லா மிதிக்கும்போது உருளை அதுல சிக்கி சிக்கி ஆக்சிலை பக்கவாட்டுல தள்ளும், சுத்துக்கு மூணு தடவ. 14 இன்ச் டயர்னா 60ல செகண்டுக்கு சுமார் 9 சுத்து, டயர் பேலன்ஸ் போனா அந்த 9 உதறல்தான், இது 27 ஆகும், அதனாலதான் கை வச்சா பொடிப்பொடியா நடுங்கும். காட் ரோட்டுல ஏறும்போது வந்து இறங்கும்போது போனதுக்கும் இதான் காரணம். முன்பக்கம் ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு கொடுத்துட்டு (வெறும் ஜாக்கை நம்பி கீழ போகவே போகாதீங்க) கியர் பாக்ஸ் பக்கம் ஷாஃப்ட்டை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ரெண்டு சைடையும் ஒப்பிடுங்க. உள்ள வெளிய கொஞ்சம் நகர்றது இயல்பு, மேல கீழ லொட லொடன்னு ஆடக்கூடாது. மவுண்டிங்கையும் பாத்துடுங்க, பானெட்டை தொறந்து வச்சு பிரேக்கை அழுத்திட்டு கிளட்ச்சை லேசா விட்டா இன்ஜின் எகிறிக் குதிக்குதான்னு ஒருத்தர் பக்கவாட்டுல நின்னு பாக்கணும், வண்டிக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது.

பவானிக்காரன்
அண்ணா சொன்னது அப்படியே இருக்குங்க! வலது சைடு உள் பூட் கிழிஞ்சு கிரீஸ் சுத்தி தெறிச்சிருக்கு, மேல கீழ ஆட்டம் நல்லா தெரியுது. மவுண்டிங் நல்லாருக்கு. இடது பூட்ல லேசா வெடிப்பு மட்டும். பூட் மாத்தி புது கிரீஸ் அடைச்சா வலது சரியாகுமா?

சேலம் ஸ்பேனர்
ஆகாது, தேஞ்ச கிண்ணம் கிரீஸ்ல நிமிராது. வலது ஜாய்ன்ட் மாத்துங்க, இல்லன்னா முழு ஆக்சில், ஆனா ரொம்ப மலிவான ஆக்சில் வேணாம், புதுசுலயே நடுங்கறத பாத்திருக்கேன். ஆக்சில் உருவும்போது கியர் ஆயில் வெளிய வரும், ஆயில் சீலையும் அப்பவே மாத்தி அளவு பாத்து ஊத்தச் சொல்லுங்க. ஹப் நட்டு (ஆக்சிலை வீல் பக்கம் பிடிக்கற நட்டு) புதுசு போடணும், டார்க் ரென்ச் (எவ்வளவு டைட்னு அளவு காட்டற ஸ்பேனர்) வச்சுதான் டைட் பண்ணணும். இடதுக்கு பூட்டும் கிரீஸும் இப்பவே போட்டுட்டா அந்த ஜாய்ன்ட் பொழச்சுக்கும்.

பவானிக்காரன்
வலது ஆக்சில் முழுசா மாத்தியாச்சுங்கண்ணா, இடது பூட்டும் போட்டாச்சு. மூணு பேர ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல நல்லா மிதிச்சேன், ஒரு உதறலும் இல்ல. டயருக்கும் காயிலுக்கும் போக இருந்த காசு மிச்சம், ரொம்ப நன்றிங்க. கியர் பாக்ஸ் ஓரத்துல ஆயில் கசிவு இருக்கான்னு ஒரு வாரம் பாக்கச் சொல்லிருக்காங்க, இது வரைக்கும் காஞ்சுதான் இருக்கு.