பென்னா, ஈலையா, ரிவர்ஸா? 2004 டிராஃப்ட் ஆட்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

2025 டிசம்பரில் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரே சண்டை. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் (NFL) ஆடும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டேனியல் ஜோன்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அவருக்குப் பதிலாகப் பிலிப் ரிவர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயது 44. கடைசியாக ஆடியது 2021 ஜனவரியில். இப்போது அலபாமாவில் பள்ளிப் பையன்களுக்குக் கோச், தாத்தாவும் ஆகிவிட்டார்.

என் மகன் குதிக்கிறான். "2004 டிராஃப்ட்ல ரிவர்ஸ்தான்ப்பா பெஸ்ட். பென் ரெண்டு. ஈலை மூணு." டிராஃப்ட் என்றால் கல்லூரி ஆட்டக்காரர்களை லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது. அவன் பிறந்ததே 2004-இல்! எல்லாம் யூடியூப் ஞானம். அதனால்தான் கேட்கிறேன். ஈலை மேனிங், பிலிப் ரிவர்ஸ், பென் ராத்லிஸ்பெர்கர் மூன்று குவாட்டர்பேக்குகளையும் மைதானத்தில் பார்த்தவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். புள்ளிவிவரத்தை அவனே தேடிக்கொள்வான்.

முதலில் என் கதை. 2004 ஏப்ரல் 24, டிராஃப்ட் நாள். நான் அமெரிக்கா வந்து எட்டு மாதம். அறையில் உடனிருந்தவன் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. போன சீசனில் மட்டமாக ஆடிய அணிக்குத்தான் முதல் தேர்வு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த வருடம் அது சான் டியேகோ சார்ஜர்ஸ். "எங்களை எடுக்காதீர்கள்" என்று ஈலை வீட்டார் முன்பே சொல்லியும் எடுத்துவிட்டார்கள். சார்ஜர்ஸ் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற முகம் இருக்கிறதே, பிடிக்காத மாப்பிள்ளைக்குக் காபித் தட்டை நீட்டும் பெண்ணின் முகம். அரங்கமே ஊளையிட்டது. சற்று நேரத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ், தாங்கள் நான்காவதாக எடுத்த ரிவர்ஸைக் கொடுத்து, கூடவே அந்த வருடத்து மூன்றாம் சுற்றுத் தேர்வையும் அடுத்த வருடத்து முதல், ஐந்தாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ஈலையை வாங்கியது. பென் 11-ஆவது ஆளாகப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். அவர் படித்தது மயாமி பல்கலைக்கழகம் என்றதும் ஃபுளோரிடா என்று நினைத்தேன். இல்லை, அது ஒஹாயோவில் இருக்கிறது.

டிசம்பர் 18, பழைய ஜயண்ட்ஸ் ஸ்டேடியம். யாரோ கொடுத்த டிக்கெட், கூரைக்குப் பக்கத்து இருக்கை, காது விறைக்கும் குளிர். முந்தைய வாரம் பால்டிமோரில் ஈலை 18 பாஸ் எறிந்து 4 மட்டுமே சேர்ந்தது. எறிந்ததற்கு மதிப்பெண், அதாவது பாஸர் ரேட்டிங், 0.0. பூஜ்யம் கூட வாங்க முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. எதிரில் பென், தொடங்கிய ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காத புதுப் பையன். பிட்ஸ்பர்க் 33, ஜயண்ட்ஸ் 30. அவருக்குத் தொடர்ந்து 12-ஆவது வெற்றி, இவருக்குத் தொடர்ந்து 5-ஆவது தோல்வி. தோற்ற அணியின் ரசிகன்தான் நான். ஆனால் பென் மேல் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருக்க, வேப்பமரத்தை உலுக்குவது போல உதறிவிட்டு எறிந்ததைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

அதனால் பென், ஈலை, ரிவர்ஸ் என்பதுதான் என் வரிசை. ஜயண்ட்ஸ் நண்பர்கள் மன்னிக்க.

பிட்ஸ்பர்க்

தம்பி, நீங்கள் பார்த்ததற்கு அடுத்த சீசனில் நாங்கள் பார்த்ததைக் கேளுங்கள். 2003-இல் ஆராய்ச்சிப் படிப்புக்காக இங்கே வந்தவள் நான். ஞாயிறு மதியம் ஸ்டீலர்ஸ் ஆட்டம் என்றால் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் கார் நிறுத்தத் தாராளமாக இடம் கிடைக்கும். அப்படித்தான் எனக்கு இந்த ஆட்டமே அறிமுகம்.

பென் என்றதும் எல்லாரும் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைச் சொல்வார்கள். 2006 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ஜெயித்தாரே, அன்று அவர் ஆடியது பரிதாபம். 21 பாஸில் 9, மொத்தம் 123 யார்டு, எதிரணி பிடித்துக்கொண்ட பந்து (இன்டர்செப்ஷன்) இரண்டு. ஜெயித்த அணியின் குவாட்டர்பேக் ஒருவர் சூப்பர் பவுலில் வாங்கிய மிகக் குறைந்த ரேட்டிங் அது. அன்றைய டச்டவுன் பாஸை (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் புள்ளி எடுக்கும் பாஸ்) போட்டவர்கூட, பந்தைப் பிடிக்கிற ரிசீவரான ராண்டில் எல்.

எனக்கு அந்தக் கோப்பையை வாங்கித் தந்தது மூன்று வாரம் முந்தைய ஒரு டாக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்தியது. ஜனவரி 15, இண்டியானாபொலிஸ். கோல் கோட்டுப் பக்கத்தில் எங்கள் பெட்டிஸ் பந்தை நழுவவிட்டார். அதை எடுத்துக்கொண்டு கோல்ட்ஸின் நிக் ஹார்ப்பர் ஓட்டம் பிடித்தார், எதிரே திறந்த வெளி. பென் பின்னால் திரும்பி, தடுமாறி, சுழன்று விழுந்துகொண்டே அவர் காலைப் பிடித்தார். நாங்கள் எட்டுப் பேர் ஒரு சோபாவில். அந்த சோபா அன்றோடு சரி, குப்பைக்குப் போனது. 21-18 என்று தப்பித்தோம். குவாட்டர்பேக்கை வரிசைப்படுத்துகிறவர்கள் டாக்கிளை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

ஆட்டம் மட்டும் கணக்கு என்றால் பென்தான் முதல். இரண்டு கோப்பை, 165 வெற்றி, 81 தோல்வி, ஒரு டிரா. ஆனால் 2010-இல் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரி மாணவி அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு சொன்னார். வழக்குப் பதிவாகவில்லை. லீக் 6 ஆட்டத்துக்குத் தடை விதித்து, பிறகு 4 ஆகக் குறைத்தது. அந்த வருடமும் அணி சூப்பர் பவுல் வரை போனது; கிரீன் பேயிடம் தோற்றது. என் மகள் அப்போது கைக்குழந்தை. ஊரில் பாதிப் பிள்ளைகள் பென்னின் 7-ஆம் எண் சட்டை போட்டிருந்தார்கள். நான் அவளுக்கு 43 வாங்கினேன், அதே அணியின் பொலமாலுவின் எண்.

ஆனாலும் 2022 ஜனவரி 3-ஆம் தேதி, அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கிளீவ்லாண்டை 26-14 என்று ஜெயித்தோம். தோள் ஓய்ந்த மனிதர், 46 பாஸ் எறிந்தும் 123 யார்டுதான். முதல் சூப்பர் பவுலிலும் அதே 123. பக்கத்தில் நின்ற பெரியவர் மஞ்சள் துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கை தட்டினேன். எழுந்து நிற்கவில்லை.

ஸ்காபரோ

நீங்கள் எல்லாரும் மூண்டு பேரைப் பற்றித்தான் கதைக்கிறியள். அதே முதல் சுற்றில நாலாவதா ஒரு குவாட்டர்பேக் போனவர், ஒருத்தரும் நினைக்கேல்லை. ஜே.பி. லாஸ்மன், 22-ஆவது ஆள், எங்கட பஃபலோ பில்ஸ். இங்கயிருந்து காரில ரெண்டரை மணித்தியாலம், எல்லைப் பாலத்தில சனம் இல்லாட்டி. அவரை எடுக்க அடுத்த வருசத்து முதல் சுற்றுத் தெரிவையும் டாலஸுக்குத் தூக்கிக் குடுத்தவை. வந்த வருசமே பயிற்சியில எங்கட ஆள் ஒருத்தரோடயே மோதிக் கால் முறிஞ்சுது. பந்தை வடிவா, நல்ல தூரம் எறிவார். எறிஞ்ச இடத்தில ஆள்தான் நிக்கிறேல்லை.

2018-இல எங்களுக்கு நல்ல குவாட்டர்பேக்கா ஜோஷ் அலன் வரும்வரைக்கும் "மூண்டில ஆர் பெரியவர்" எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களைப் பாத்தா எங்களுக்குப் பொறாமைதான். பசிச்சவனுக்கு முன்னால இருந்து பிரியாணியோ புட்டோ எண்டு கேட்ட மாதிரி.

சான் டியேகோ

வருகிறேன், வருகிறேன். அந்தக் காபித் தட்டு முகத்தை எங்கள் ஊர் மறக்கவில்லை. 2005 செப்டம்பர் 25, ஞாயிறு இரவு, ஈலை முதன்முறையாக எங்கள் மைதானத்துக்கு வந்தார். மைதானத்தின் பெயரே அப்போது குவால்காம். அதே கம்பெனி வேலைதான் என்னையும் பாதி நண்பர்களையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளை. எனக்குத் தொண்டை கட்டி மறுநாள் மீட்டிங்கில் பேச முடியவில்லை. நியாயமாகச் சொல்கிறேன், அவர் அசரவில்லை. 350 யார்டுக்கு மேல் எறிந்தார். ஆனால் 45-23 என்று நாங்கள் ஜெயித்தோம். அன்று ரிவர்ஸ் எங்கே? பெஞ்சில். ட்ரூ பிரீஸ் ஆடிக்கொண்டிருந்ததால் இரண்டு வருடம் உட்கார்ந்தே இருந்தார்.

மூன்று பேரும் போய்ச் சேர்ந்த இடத்தை மறந்துவிட்டு வரிசை போடுகிறீர்கள். பென்னுக்கு வந்த நாளிலிருந்து இரும்புக் கோட்டை மாதிரி டிஃபென்ஸ். ஈலைக்கு, அவர் ஜெயித்த இரண்டு சூப்பர் பவுலிலும் நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் டாம் பிரேடியைத் தரையில் உருட்டிய நான்கு பேர். ரிவர்ஸுக்கு? சொல்கிறேன்.

2008 ஜனவரி 20. முந்தைய வாரம் முழங்காலில் அடி. அந்த வாரத்துக்குள் சின்ன ஆபரேஷன் செய்துகொண்டு, ஏ.சி.எல். என்ற முழங்கால் இணைநார் கிழிந்த காலோடு நியூ இங்கிலாந்தில் போய் ஆடினார். எங்கள் டாம்லின்சன் முழங்கால் வலியால் ஆரம்பத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 21-12 தோல்வி, எங்கள் 12-உம் நான்கு ஃபீல்டு கோல், அதாவது உதைத்து எடுத்த மும்மூன்று புள்ளி. அதே நாள் மாலை கிரீன் பேயில், பூஜ்யத்துக்கும் கீழான குளிரில், ஈலை கூடுதல் நேரத்தில் ஜெயித்து சூப்பர் பவுல் போனார். அங்கே ஜயண்ட்ஸின் டேவிட் டைரீ ஹெல்மெட்டோடு சேர்த்துப் பந்தைப் பிடித்ததும், 18-0 என்று வந்த அணி 17-14 என்று கவிழ்ந்ததும் ஊருக்கே தெரியும். எங்களைத் தோற்கடித்த அணியைத்தான் அவர் தோற்கடித்தார்.

அடுத்தது நேரில் பார்த்தது. 2010 ஜனவரி 17, பொங்கல் கழிந்த ஞாயிறு. முந்தின நாள் தமிழ்ப் பள்ளியில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்து வந்த அணி, எதிரே நியூயார்க் ஜெட்ஸ். எங்கள் கிக்கர் நேட் கேடிங் மூன்று ஃபீல்டு கோலையும் விட்டார். அதில் ஒன்று 40 யார்டு, கடைசிக் கால் மணியில். 17-14 தோல்வி. அந்த கேடிங் யார் தெரியுமா? ஈலைக்காக ஜயண்ட்ஸ் கொடுத்த மூன்றாம் சுற்றுத் தேர்வில் வந்தவர்! பொங்கல் டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

அணி 2017-இல் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது ரிவர்ஸ் குடும்பம் போகவில்லை. வண்டியின் பின்பகுதியில் திரை மாட்டி, டிரைவர் ஓட்ட, ஆட்ட வீடியோ பார்த்துக்கொண்டே தினமும் பயிற்சிக்குப் போய்வந்தார். ஃப்ரீவேயில் அந்த வண்டியைப் பார்த்ததாக ஆபீஸில் எல்லாரும் சொன்னார்கள். நான் மூன்று வருடம் தேடினேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஈலையோடு நேருக்கு நேர் மூன்று ஆட்டம், மூன்றிலும் ரிவர்ஸ். 2009-இல் உங்கள் நியூ ஜெர்சியிலேயே 21 விநாடி இருக்கும்போது டச்டவுன் போட்டு 21-20. ஓய்வு பெற்றபோது 421 டச்டவுன் பாஸ். பென் 418, ஈலை 366. உங்கள் மகனுக்கு என் ஓட்டு. ரிவர்ஸ், பென், ஈலை.

ஹூஸ்டன்

மூன்றாம் சுற்றில் 90-ஆவதாகப் போன குவாட்டர்பேக் மேட் ஷாப்பையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அட்லாண்டாவில் மைக்கேல் விக்குக்குப் பின்னால் காத்திருந்து 2007-இல் எங்களிடம் வந்தார். 2009-இல் லீகிலேயே அதிக யார்டு எறிந்தவர் அவர்தான், 4,770. 2013-இல் தொடர்ந்து நான்கு ஆட்டத்தில் அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்து டச்டவுன் ஆக்கியது. அக்டோபரில் காயம்பட்டு விழுந்தபோது எங்கள் மைதானத்தில் சிலர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

பிட்ஸ்பர்க் அக்கா, ஸ்காபரோ அண்ணா, எல்லாருக்கும் நன்றி. சான் டியேகோ சார், உங்கள் பதிலை மகனுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

ஈலை பக்கமும் ஒன்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. 2019 டிசம்பர் 15, மயாமியோடு அவருடைய கடைசி ஆட்டம். அதற்கு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த சீசனில் அவரை உட்காரவைத்துவிட்டு வந்த பையன்தான், இப்போது காயம்பட்டிருக்கும் அதே டேனியல் ஜோன்ஸ். அவருக்கு அன்றும் காயம், அதனால் ஈலைக்கு வாய்ப்பு. 36-20 வெற்றி. கணக்கு சரியாக 117 வெற்றி, 117 தோல்வி. 16 வருடம் ஆடி, வாங்கியதையும் கொடுத்ததையும் நேர் செய்துவிட்டு ஒருவர் மைதானத்தைவிட்டு இறங்கினார். ஜாம்பவான்களைத் தேர்ந்தெடுக்கும் ஹால் ஆஃப் ஃபேம் குழு 2025 பிப்ரவரியில் அவரைத் தாண்டிப் போனதும் அந்த 117-ஆல்தான் என்று நினைக்கிறேன். பிரேடியை இரண்டு முறை சூப்பர் பவுலில் கவிழ்த்த குவாட்டர்பேக் வேறு யார்?

இன்று சியாட்டில் ஆட்டத்தை மகனோடு பார்த்தேன். ரிவர்ஸ் களத்தில் இறங்கியதாலேயே ஹால் ஆஃப் ஃபேமுக்கான ஐந்து வருடக் காத்திருப்பு அவருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அதைத் தெரிந்தேதான் வந்திருக்கிறார். எறிவது ஷாட்புட் குண்டு எறிவது போன்ற அதே பழைய கை, ஓட்டம் மட்டும் தாத்தா ஓட்டம். கடைசி நிமிடத்தில் கோல்ட்ஸ் 16-15 என்று முன்னால் போனது. மகன் சோபாமேல் ஏறி நின்றான். சில விநாடி மிச்சமிருக்க, சியாட்டில் கிக்கர் 56 யார்டிலிருந்து உதைத்தார். உள்ளே போனது. 18-16.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த சான் டியேகோ அங்கிள் பாத்திருப்பாராப்பா?" என்றான்.

சான் டியேகோ

பார்த்தேன் என்று சொல்லுங்கள். 56 யார்டு. எங்களுக்கு அன்றைக்கு 40 போதுமாக இருந்தது.