காசிமேட்டுச் சொந்தங்கள் குழு: ஐஸ் பெட்டிக் கணக்கு

சனிக்கிழமை

[மாலை 6:41] சேகர் மாமா: தேவி, அந்த ஐஸ் பெட்டி அளவு என்ன ஆச்சு கண்ணு? திங்கட்கிழமை தெர்மகோல் வாங்கப் போகணும். மீன் விற்கும் அக்காமார் ஆறு பேர் பெட்டி கேட்டிருக்கிறார்கள். பழைய அளவிலேயே போடட்டுமா, இல்லை உன் கணக்குக்குக் காத்திருக்கட்டுமா?

[மாலை 6:44] தேவி: காத்திருங்கள் மாமா. மென்பொருள் இன்னும் என் லேப்டாப்பில் ஏறவில்லை, மதியத்திலிருந்து அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று ராத்திரிக்குள் ஏற்றிவிடுவேன்.

[மாலை 6:45] விமல்: எந்த மென்பொருள் அக்கா

[மாலை 6:52] தேவி: நோமாட். கனடாவில் மான்ட்ரியாலில் ஜெராட் என்று ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே எழுதுவது. பிளாக் பாக்ஸ் ஆப்டிமைசேஷன் செய்யும். அதாவது உள்ளே என்ன சூத்திரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாத ஒரு நிரல், எண்களைக் கொடுத்தால் எண்களைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். சாய்வு, வகைக்கெழு எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்டதற்குக்கூட நல்ல விடையைத் தேடிக் கொடுக்கும்.

[மாலை 6:55] தேவி: நம் விஷயத்தில் அந்தப் பிளாக் பாக்ஸ் என் சீனியர் கொடுத்த நிரல். நீளம், அகலம், உயரம், தெர்மகோல் கனம் நாலையும் கொடுத்தால் வெயிலில் பத்து மணி நேரத்தில் எத்தனை கிலோ ஐஸ் கரையும் என்று சொல்லும். மூல நிரல் என்னிடம் இல்லை, ஓடும் கோப்பு மட்டும்தான். ஒரு தடவை ஓட 20 விநாடி ஆகிறது. அதனால் கண்டபடி ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்க முடியாது, ஒவ்வொரு முயற்சியையும் யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

[மாலை 7:03] பெரியப்பா: காசு எவ்வளவும்மா அதுக்கு?

[மாலை 7:04] தேவி: காசே இல்லை பெரியப்பா. எல்ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் முழு மூல நிரலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம்.

[மாலை 7:06] பெரியப்பா: இலவசமா கிடைக்குது சரி. ஏன் மதியத்திலிருந்து ஏறல?

[மாலை 7:15] தேவி: மூல நிரலாக எடுத்தால் நம் மெஷினுக்கு ஏற்றபடி நாமே கட்டிக்கொள்ள வேண்டும் பெரியப்பா. நீங்கள் ஹார்பரில் கிரேன் வேலை பார்த்தபோது பாகங்களாக வந்து இறங்கும், ஸ்பாட்டில் பூட்டுவோம் என்று சொல்வீர்களே, அது மாதிரி. நோமாட் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது. முதலில் சிமேக் என்கிற கருவி என் லேப்டாப்பில் எந்தக் கம்பைலர் (மூல நிரலை ஓடும் கோப்பாக மாற்றுவது) இருக்கிறது, என்ன குறைகிறது என்று பார்த்து வேலைத் திட்டம் எழுதும், அப்புறம் கம்பைலர் ஒவ்வொரு கோப்பாகக் கட்டும், கடைசியில் இன்ஸ்டால். மூன்றே கட்டளை. முதல் கட்டளையிலேயே நின்றது. என்னுடையது உபுண்டு 18.04 லினக்ஸ், அதில் வரும் சிமேக் 3.10, நோமாட் 4க்கு அது பழசு. ஸ்நாப் என்கிற உபுண்டு நிறுவி வழியாகப் புதியதைப் போட்டேன், அது தாண்டியது.

[மாலை 7:16] தேவி: 📷 புகைப்படம்

[மாலை 7:18] தேவி: இதுதான் இப்போது. 61 சதவீதம் வரை கட்டிவிட்டு நிற்கிறது. மூன்று தடவை ஆகிவிட்டது.

[மாலை 7:24] விமல்: மேக் எர்ரர் 2 என்று போட்டிருக்கிறது. கூகுளில் தேடினால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்

[மாலை 7:25] கலா சித்தி: சாப்பிட்டாயா நீ? தோசை ஊற்றி வைத்திருக்கிறேன், விமலிடம் கொடுத்தனுப்பவா?

[மாலை 7:26] தேவி: கொடுத்தனுப்புங்கள் சித்தி 🙏

[இரவு 8:10] தேவி: கிடைத்துவிட்டது!! விமல், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரியில் வரும் மேக் எர்ரர் 2 ஒன்றுமே சொல்லாது, முன்னால் ஏதோ உடைந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் முதலில் எங்கே உடைந்தது என்று பார்த்தேன். அங்கே கம்பைலரின் பெயர் போட்டு கில்டு, அதாவது கொல்லப்பட்டது, என்று ஒரே வார்த்தை. நிரலில் தப்பே இல்லை. என் லேப்டாப்பில் ரேம் 4 ஜிபி, நான் நாலு கோப்புகளை ஒரே நேரத்தில் கட்டச் சொல்லியிருந்தேன், கூடவே குரோமில் பத்துப் பதினைந்து டேப். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிட்டது. பேரலல் 4 என்று இருந்ததை 1 ஆக்கினேன், குரோமை மூடினேன். மெதுவாகப் போகிறது, ஆனால் போகிறது.

[இரவு 8:52] தேவி: 100 சதவீதம். இன்ஸ்டாலும் ஆச்சு. சிடெஸ்ட் ஓட்டினேன், சோதனைகள் தேறிவிட்டன.

[இரவு 8:53] சேகர் மாமா: சபாஷ். அப்போ அளவு சொல்

[இரவு 8:54] தேவி: மாமா, ஒரு மணி நேரம் கொடுங்கள்

[இரவு 9:31] விமல்: அக்கா, என் விண்டோஸில் இந்தக் கட்டுவது எதுவும் இல்லாமல் பைதானின் பிப் நிறுவி வழியாக, நோமாடைப் பைதானில் ஓட்டும் பைநோமாட் போட்டேன், ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. சின்னச் சூத்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தேன், எல்லாப் புள்ளியும் தோல்வி என்கிறது

[இரவு 9:34] தேவி: பைதானில் எழுதுகிற உன் ஃபங்ஷன் கடைசியில் 1 என்று ரிட்டர்ன் செய்கிறதா? 1 என்றால் கணக்கு நடந்தது, 0 என்றால் நடக்கவில்லை.

[இரவு 9:36] விமல்: இல்லை, எழுதவே இல்லை. போட்டேன், ஓடுகிறது 👍

[இரவு 9:50] தேவி: எனக்கும் அதே மாதிரிதான் ஆச்சு, காரணம் வேறு. நோமாட் புள்ளியை ஒரு கோப்பில் எழுதி அந்தக் கோப்பின் பெயரை நம் நிரலிடம் கொடுக்கும், நிரல் விடை எண்களைத் திரையில் போட வேண்டும். நான் கேட்பது மூன்று எண்: கரையும் ஐஸ், கொள்ளளவு நிபந்தனை, ஷீட் செலவு நிபந்தனை. சீனியரின் நிரல் மூன்றையும் போட்டுவிட்டு அதே வரியில் "முடிந்தது, நன்றி" என்றும் போடுகிறது. நோமாட் அதையும் விடை என்று எடுத்துக் குழம்பி எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. நோமாடை விட்டுவிட்டு அந்த நிரலை மட்டும் தனியாகக் கையால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மூன்று வரி ஸ்கிரிப்ட் எழுதி எண்களை மட்டும் பிரித்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:20] தேவி: மாமா, விடை வந்தது. நீளம் 30, அகலம் 20, உயரம் 20 செ.மீ. கனம் 7.5.

[காலை 7:41] சேகர் மாமா: தப்பு. நான் உன்னிடம் சொன்னது உள்ளே 100 லிட்டர். இது 12 லிட்டர். கால் கிலோ சங்கரா மீனுக்குச் சரி, வஞ்சிரம் இதில் படுக்காது. படகுக்கு நாலரை மணிக்கே போய் எடுத்து வருகிறார்கள், நாள் முழுவதும் விற்க வேண்டிய சரக்கு.

[காலை 7:49] தேவி: நீங்கள் சொல்வதுதான் சரி மாமா. நோமாடுக்கு நிபந்தனை என்றால் அந்த எண் சைபரோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். நான் கொள்ளளவில் 100 கழித்து எழுதிவிட்டேன், அதனால் 100க்கு உள்ளே என்று ஆகிவிட்டது. 100இல் கொள்ளளவைக் கழித்து எழுத வேண்டும். சின்னப் பெட்டியில் ஐஸ் குறைவாகக் கரையும், அதனால் நான் அனுமதித்த மிகச் சின்ன அளவுக்கே போய் உட்கார்ந்துவிட்டது. அது கேட்டதைச் சரியாகக் கொடுத்தது, நான்தான் தப்பாகக் கேட்டேன்.

[காலை 7:55] சேகர் மாமா: இன்னும் மூன்று விஷயம் எழுதிக்கொள். நீளம் 75க்குக் கீழே வேண்டாம், மீனை மடக்கினால் முதுகு உடையும், விலை போகாது. அப்புறம் தெர்மகோல் எனக்கு 25, 50, 75 மில்லிமீட்டர் கனத்தில்தான் வரும். 43 மில்லி என்று சொல்லிவிடாதே. வெட்டுவதும் அரை செ.மீ. அரை செ.மீ.யாகத்தான், அதற்குக் கீழே கை நிற்காது.

[காலை 7:58] தேவி: இது ரொம்பவே உதவும் மாமா. கிரானுலாரிட்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, கனத்துக்கு 25 மில்லி, மற்றதற்கு 5 மில்லி என்று போட்டால் அந்த மடங்குகளில் மட்டும் தேடும். நீளத்துக்குக் கீழ் எல்லை 75 செ.மீ.

[காலை 8:15] பெரியப்பா: எப்படித் தேடுது அது? எல்லா அளவையும் போட்டுப் பாக்குதா?

[காலை 8:27] தேவி: எல்லாவற்றையும் போட்டால் வருடக்கணக்கு ஆகும் பெரியப்பா. வலையை வைத்துச் சொல்கிறேன். இதன் முறைக்குப் பெயர் மேட்ஸ், விரித்தால் மெஷ் அடாப்டிவ் டைரக்ட் சர்ச், 2006இல் சார்ல்ஸ் ஆடே, ஜான் டென்னிஸ் இருவரும் எழுதியது, அந்தப் பெயரிலேயே மெஷ் இருக்கிறது, நம் வலைக்கண்தான். இதுவரை கிடைத்த நல்ல புள்ளியைச் சுற்றிக் கண் பெரிய வலையை விரித்து, முடிச்சுகளில் சிலவற்றை மட்டும் தொட்டுப் பார்க்கும். நல்லது கிடைத்தால் அங்கே நகர்ந்து மறுபடி அகலமாக விரிக்கும். ஒன்றும் மாட்டவில்லை என்றால் அதே இடத்தில் கண்ணைச் சிறிதாக்கும். திசையையும் மாற்றிக்கொண்டே இருக்கும், ஒரே பக்கம் பார்த்து ஏமாறாமல். கண் போதுமான அளவு சிறிதானதும் நிறுத்தும், இல்லை நான் கொடுத்த 400 முயற்சி தீர்ந்தால் நிறுத்தும்.

[காலை 8:31] பெரியப்பா: நல்லா புரிஞ்சுது. சின்னக் கண்ணோட முதல்லயே போனா அங்கேயே சுத்திட்டு இருக்கும். சரிதான்.

[காலை 8:33] தேவி: ஆமாம் பெரியப்பா!! 400 முயற்சி, ஒன்றுக்கு 20 விநாடி, இரண்டே கால் மணி நேரம். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிற்கும்.

[காலை 11:06] தேவி: மாமா. உள்ளளவு நீளம் 75, அகலம் 37, உயரம் 36.5. கனம் 50 மில்லி. கொள்ளளவு 101 லிட்டர் சொச்சம். 75 மில்லி போட்டால் நீங்கள் சொன்ன ஷீட் செலவைத் தாண்டுகிறது. 20 கிலோ ஐஸில் பத்து மணி நேரத்தில் 6.3 கிலோ கரையும் என்கிறது. உங்கள் பழைய அளவையும் அதே நிரலில் போட்டுப் பார்த்தேன், 8.2 கிலோ.

[காலை 11:10] சேகர் மாமா: பழையது நீளம் அதிகம், உயரம் கம்மி, மூடி பெரிசு. மூடி வழியாகத்தான் போகுதுன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். ஒரு பெட்டி மட்டும் முதலில் போட்டுப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

[காலை 6:05] சேகர் மாமா: 📷 புகைப்படம்

[காலை 6:06] சேகர் மாமா: பழையது இடது பக்கம், புதுசு வலது பக்கம். இரண்டிலும் 20 கிலோ ஐஸ். ஒரே மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

[மாலை 4:22] சேகர் மாமா: தண்ணீரை வடித்துவிட்டு எடை போட்டோம். பழையதில் 11 கிலோ 400 மிச்சம். புதுசில் 13 கிலோ 100.

[மாலை 4:24] விமல்: 🔥🔥

[மாலை 4:30] தேவி: மாமா 13.7 மிச்சம் இருக்க வேண்டும் என்று வந்தது, 600 கிராம் இடிக்கிறது. பழையதிலும் கணக்கைவிட 400 குறைவு. மூடியை எத்தனை தடவை திறந்தார்கள் என்று அந்த அக்காவிடம் கேட்க முடியுமா? நிரலில் அரை மணிக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறேன்.

[மாலை 4:47] சேகர் மாமா: கேட்டேன். காலையில் கூட்டம், பத்து மணி வரைக்கும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாம். அதற்கப்புறம் எப்போதாவது.

[மாலை 4:49] தேவி: சரி மாமா, அதைப் போட்டு இன்று ராத்திரி மறுபடி ஓட்டுகிறேன். மீதி ஐந்து பெட்டிக்கு நாளைக் காலை வரை ஷீட் வெட்டாதீர்கள்.

[மாலை 4:50] சேகர் மாமா: வெட்டவில்லை. காத்திருக்கிறேன்.