கொம்புச்சாவுக்குப் பழைய ஊறுகாய் ஜாடி சரிவருமா?

வணக்கம். முதன்முறையாக வீட்டில் கொம்புச்சா (இனிப்புத் தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடப் போகிறேன். அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்ப் படலமான ஸ்கோபியைத் தோழி தந்துவிட்டாள், பாத்திரம்தான் குழப்பம்.

பாட்டியின் 4 லிட்டர் பீங்கான் ஊறுகாய் ஜாடியில் போட ஆசை. ஆனால் கொம்புச்சா புளிக்கப் புளிக்க பிஹெச் (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 3 அளவுக்கு இறங்கிவிடும். 7 முதல் 10 நாள் அந்தப் புளிப்பு உள்ளேயே நிற்கும். ஜாடியின் பழைய மெருகுப் பூச்சில் காரீயம் (lead) இருந்தால் பானத்தில் இறங்குமே என்று பயம். வீட்டில் சின்னக் குழந்தை வேறு. உள்ளே மெல்லிய விரிசல்களும் தெரிகின்றன. சென்னையில் இதை எங்கே சோதித்துத் தருவார்கள்?

இல்லையென்றால் கண்ணாடிதான். அகல வாயுள்ள பெரிய ஜாடி எங்கே வாங்கினீர்கள்? அப்புறம், இரண்டாம் முறை புளிக்கவைக்கும்போது வாயு அழுத்தம் தாங்கும் பாட்டில் எது? போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.