உருகிய சோடியத்துக்குள் யூடி: புரோப் எப்படித் தாங்குகிறது?

திருவெறும்பூரான்:

வணக்கம். நான் யூடி (மீயொலியால் உலோகத்தைச் சோதிக்கும் அல்ட்ராசோனிக் டெஸ்டிங்) லெவல் டூ தகுதி பெற்றவன். பாய்லர் டிரம், ஹெடர், பைப் ஜாயின்ட் என்று வெல்டு பார்த்தே தலை நரைத்தவன். கல்பாக்கம் ஈனுலையை (எரிப்பதை விட அதிக எரிபொருளை உண்டாக்கும், சோடியத்தால் குளிரும் அணு உலை) பற்றிய கட்டுரை ஒன்றில் ஒரு வரி கண்ணில் பட்டது. உருகிய சோடியத்துக்குள் மூழ்கியிருக்கும் எரிபொருள் கட்டுகளை மீயொலியால் 'பார்க்கிறார்களாம்'. அந்த ஒரு வரிதான், மேலே விளக்கம் எதுவும் இல்லை. அதிலிருந்து மண்டை குடைகிறது.

ப்ரீஹீட் சூடு அடங்காத ஜாப்பில் அவசரப்பட்டு ஆங்கிள் புரோபை (ஒலியைச் சாய்வாக அனுப்பி வாங்கும் கருவி) வைத்தால் என்ன ஆகும் என்று யூடி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பெர்ஸ்பெக்ஸ் ஷூ (அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை) இளகும், பீம் ஆங்கிள் மாறும், இன்னும் சூடேறினால் உள்ளே ஒட்டியிருக்கும் கிரிஸ்டல் (ஒலியை எழுப்பும் வில்லை) கழன்று எக்கோ (பட்டுத் திரும்பும் ஒலி) செத்துப்போகும். கை வைக்க முடியாத ஜாப்பில் புரோப் வைக்காதே என்பதுதான் புதுப் பையன்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம். சோடியமோ 98 டிகிரிக்கு மேல்தான் உருகவே செய்கிறது. அதற்குள் எந்த புரோப் உயிரோடு இருக்கும்? கப்ளன்ட் (புரோபிலிருந்து ஜாப்புக்கு ஒலியைக் கடத்தும் திரவம்) என்ன? அப்புறம், ஸ்கேன் சென்டரில் தெரிவதுபோல நிஜமாகவே படம் வருமா, அல்லது கட்டுரை எழுதியவர் ஆர்வத்தில் எழுதிவிட்டாரா?

புதுப்பட்டினத்தான்:

சார், நான் சோடியம் ரிக்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே சொல்வதெல்லாம் ஏற்கெனவே கட்டுரைகளாக வெளிவந்த விஷயங்கள்தான், ரகசியம் எதுவும் இல்லை.

முதலில் சூடு. உலை ஓடும்போது யாரும் புரோபை உள்ளே விடுவதில்லை. 500 மெகாவாட் ஈனுலையில் ஓட்டத்தின்போது சோடியம் 397 டிகிரியில் உள்ளே போய் 547 டிகிரியில் வெளியே வரும். மீயொலிச் சோதனை, உலையை நிறுத்தி, எரிபொருள் மாற்றப் போகும் முன்பு. அப்போது சோடியம் ஏறக்குறைய 200 டிகிரியில் இருக்கும். உங்கள் புரோபைக் கொல்வது பெரும்பாலும் கிரிஸ்டல் இல்லை சார், அதைச் சுற்றியிருக்கும் பெர்ஸ்பெக்ஸும் எபாக்ஸி பசையும்தான். கிரிஸ்டலாக வைக்கும் பி.இசட்.டி. என்ற பீங்கானில் நல்ல ரகத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது அதன் துருவத்தன்மை போய்விடும் சூடு, 350 டிகிரிக்குப் பக்கம். பசைக்குப் பதில் சால்டர் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறைக்குள் வைத்து முழுக்க வெல்டு அடித்து, கேபிளையும் உலோக உறை போட்ட கனிமக் காப்பு கேபிளாக எடுத்தால் 200 டிகிரி தாங்கும். கிரிஸ்டலும் உலோக முகமும் சூட்டில் வேறு வேறு அளவு விரியும், அந்த ஒட்டு விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கைவேலை.

கப்ளன்ட் கேட்டீர்கள். சோடியமேதான் கப்ளன்ட். தண்ணீர்த் தொட்டியில் ஜாப்பைப் போட்டு இமர்ஷன் டெஸ்ட் செய்திருப்பீர்கள் இல்லையா, அதே வேலை. ஆனால் வில்லங்கமே இங்கேதான் இருக்கிறது.

சோடியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை 200 டிகிரியில் சரியாக நனைக்காது. தாமரை இலைத் தண்ணீர்தான். ஸ்டீல் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு படலமும், அதில் சிக்கிக்கொண்ட வாயுவும் நடுவில் நின்றுவிடும். மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு முடியை விட மெல்லிய வாயு இடுக்கே போதும், அதைத் தாண்டாது. புரோப் சோடியத்துக்குள் முழுக்க முழுக்க மூழ்கியிருக்கும், திரையில் ஒரு எக்கோ இருக்காது. சோடியத்தை 350, 400 டிகிரிக்கு ஏற்றிச் சில மணி நேரம் விட்டால் அது ஆக்சைடைத் தின்றுவிட்டு நன்றாக நனைக்கும். சரி, ஏற்றலாமே என்றால், அந்தச் சூட்டில் பி.இசட்.டி. தன் துருவத்தன்மையை இழந்து வெறும் பீங்கான் வில்லையாகிவிடும். நனைய வைக்கத் தேவைப்படும் சூடுதான் கிரிஸ்டலுக்கு எமன்.

இதற்குப் பலரும் வந்து சேர்ந்த ஒரு வழி: புரோபின் முகத்தை நிக்கலில் செய்வது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு பிடிவாதம் பிடிக்கும். நிக்கல் ஆக்சைடைச் சோடியம் சுலபமாகப் பிரித்துவிடும், அதனால் குறைந்த சூட்டிலேயே நனையும். முகத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து, கை படாமல் எடுத்துப்போய் உள்ளே இறக்குவார்கள். விரல் ரேகைக் கொழுப்பு பட்டால்கூட அந்த இடம் நனையாது. இன்னொரு வழி லித்தியம் நியோபேட் கிரிஸ்டல். அதன் கியூரி வெப்பநிலை 1,100 டிகிரிக்கும் மேலே, எனவே நிம்மதியாகச் சூடேற்றி நனைய விடலாம். ஆனால் பி.இசட்.டி. அளவுக்குச் சிக்னல் தராது.

படம் வருமா என்ற கேள்விக்கு இரவு எழுதுகிறேன், பேரன் டேப்லெட்டைக் கேட்கிறான்.

கணினிக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கஷ்டம் எதற்கு? சோடியத்தை வடித்துவிட்டு ஒரு கேமராவை இறக்கிப் பார்த்தால் முடிந்தது. பார்த்த பிறகு மறுபடி நிரப்பிக்கொள்ளலாமே?

புதுப்பட்டினத்தான்:

தம்பி, அந்த ஈனுலையில் முதன்மைச் சோடியம் மட்டும் சுமார் 1,150 டன். உலையை நிறுத்தினாலும் எரிபொருளில் எஞ்சும் வெப்பம் நிற்காது, அதை எடுத்துப்போவதே இந்தச் சோடியம்தான். வடித்துவிட்டால் எரிபொருளை எது குளிர்விக்கும்? சோடியம் காற்றோடு சேர்ந்தால் எரியும் என்பதால் மேலே எப்போதும் ஆர்கான் வாயு மூடியிருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

வடித்துப் பார்த்த கதையும் உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஃபெர்மி-1 என்ற உலையில் 1966 அக்டோபரில் இரண்டு எரிபொருள் கட்டுகள் ஓரளவு உருகின. காரணம் தெரிய வேண்டும். சோடியத்தை வடித்து, பெரிஸ்கோப்பும் விளக்கும் இறக்கித் தேடினார்கள். அடியில் கழன்று கிடந்த ஒரு சிர்கோனியம் தகடு சோடியம் வரும் வழியை அடைத்திருந்தது என்பது 1967இல்தான் தெரிந்தது. உலை மறுபடி ஓட 1970 ஆயிற்று.

இப்போது சாரின் கேள்விக்கு வருகிறேன், இரண்டும் ஒரே விஷயம்தான். உலையின் தலைப்பாகத்தில் பெரிய சுழலும் மூடிகள் இருக்கின்றன. மூடிக்குள் மூடி. அவற்றைச் சுழற்றித்தான் பிடிகருவியை எந்த எரிபொருள் கட்டுக்கு மேலே வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். மூடியிலிருந்து கீழே தொங்கும் சாமான்களும் அதோடு சேர்ந்து சுற்றும். அந்த நேரம் ஒரே ஒரு கட்டு தன் இடத்தில் முழுசாக உட்காராமல் தலையை நீட்டிக்கொண்டிருந்தால்? கல்பாக்கத்தின் சிறிய சோதனை உலையில் 1987 மே மாதம் நடந்தது இந்த வகைதான். கட்டு ஒன்றின் அடிப்பாகம் கீழே நீட்டிக்கொண்டிருந்தபோது மூடி சுழன்றது. வழிகாட்டிக் குழாய் வளைந்தது, பக்கத்துக் கட்டுகள் சிலவற்றின் தலைகளும் வளைந்தன. சரிசெய்து மறுபடி ஓட்ட 1989 ஆனது. ஜப்பானின் ஜோயோ சோதனை உலையில் 2007இலும் இதே கதை. சோதனைக்காக வைத்திருந்த கட்டு ஒன்று சரியாகக் கழலாமல் நின்றது, மூடி சுற்றியதில் வளைந்தது, மேலே இருந்த அமைப்பின் அடியும் சேதம். அந்த மேல் அமைப்பையே கழற்றி 2014இல் புதிதாக வைத்தார்கள்.

ஆகவே மீயொலியிடம் முதலில் கேட்கப்படுவது படம் இல்லை. "மூடியைச் சுற்றலாமா, வழியில் ஏதாவது நிற்கிறதா?" ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்தால் போதும். கல்பாக்கத்தில் இதற்காகச் செய்த ஸ்கேனர், மேலிருந்து துளை வழியாக இறங்கும் நீண்ட குழாய். நுனியில் சில புரோப்கள் பக்கவாட்டில் பார்க்கும், சில நேர் கீழே பார்க்கும். குழாய் சுற்றும், ஏறி இறங்கும். பக்கவாட்டு புரோப் கட்டுகளின் தலைக்கு மேல் இருக்கும் இடைவெளியைத் துழாவும்.

உங்களுக்கு நம்பர் சொன்னால்தான் திருப்தி என்று தெரியும், போட்டுப் பாருங்கள். 200 டிகிரி சோடியத்தில் ஒலி வேகம் விநாடிக்கு 2,480 மீட்டர் அளவில். 5 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் அலைநீளம் அரை மில்லிமீட்டர். 20 மி.மீ. கிரிஸ்டல் என்றால் பீம் விரிவு பக்கத்துக்கு ஒன்றே முக்கால் டிகிரி மாதிரி வரும். இரண்டு மீட்டர் தள்ளிப் போவதற்குள் பீம் 120 மி.மீ. அகலமாகிவிடும். ஒரு எரிபொருள் கட்டின் அகலமே அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் படம் எங்கிருந்து வரும்? ஏதோ நிற்கிறது, இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில். அதோடு சரி. கீழே பார்க்கும் புரோப் கட்டின் தலைக்குக் கிட்டவே போவதால் அதை வைத்து சி-ஸ்கேன் (மேலிருந்து பார்ப்பது போன்ற வரைபடம்) எடுக்கலாம். கட்டுத் தலையின் வட்ட விளிம்பு தெரியும், கட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கலாம். ஆக, கட்டுரை எழுதியவர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் அழகாகச் சொல்லிவிட்டார்.

எம்டெக் கண்மணி:

ஐயா, எங்கள் லேபில் தண்ணீர்த் தொட்டியில்தான் இந்த மாதிரி சோதனைகள் செய்கிறோம். என் கைடு "தண்ணீரில் வந்தால் சோடியத்திலும் வரும்" என்கிறார். எவ்வளவு தூரம் நம்பலாம்?

புதுப்பட்டினத்தான்:

பாதி நம்பலாம் அம்மா. ஸ்டீலில் பட்டு எக்கோ திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீரிலிருந்து ஸ்டீலில் விழும் ஒலி ஆற்றலில் 88 சதவீதம் போலத் திரும்பும், சோடியத்தில் 82, 83. மென்பொருள், ஸ்கேனர் அசைவு, எக்கோ எந்தக் கோணத்தில் தொலைகிறது என்பதெல்லாம் தண்ணீரில் பழகலாம். பழகவும் வேண்டும், தண்ணீரில் தப்பு நடந்தால் துணி நனையும், அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீரில் அலைவேகம் 1,480. அதே 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மி.மீ.தான், அதனால் தண்ணீரில் கிடைத்த நுணுக்கம் சோடியத்தில் கிடைக்காது. அதே அலைநீளம் வேண்டுமென்றால் தண்ணீரில் 3 மெகாஹெர்ட்ஸ் புரோபைப் போட்டுப் பாருங்கள். நனையும் சிக்கலைத் தண்ணீர் காட்டவே காட்டாது. வெப்பநிலை இன்னொன்று. அறைச் சூட்டில் தண்ணீர் சூடானால் ஒலி வேகம் கூடும். சோடியத்தில் குறையும், டிகிரிக்கு விநாடிக்கு அரை மீட்டர் அளவில். சோடியத்தின் வெப்பநிலையைப் பத்து டிகிரி தவறாக எடுத்துக்கொண்டால் இரண்டு மீட்டர் தூரத்தில் சுமார் 4 மி.மீ. பிசகும். தலை நீட்டுகிறதா என்று பார்க்க அது பொருட்டில்லை. சாய்வை அளக்க வந்தால் பொருட்டுதான். ஸ்கேனரிலேயே தெர்மோகப்பிள் வையுங்கள், எங்கேயோ தூரத்தில் இருக்கும் அளவை நம்ப வேண்டாம்.

திருவெறும்பூரான்:

புதுப்பட்டினத்தான் ஐயா, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு மீட்டர் போய் வர 1.6 மில்லி செகண்ட். நான் தினமும் பார்க்கும் 25 மி.மீ. பிளேட்டில் எட்டு மைக்ரோ செகண்டில் பேக்வால் (தகட்டின் அடிப்பக்க எக்கோ) வந்துவிடும். எங்கள் மெஷினில் ரேஞ்சே அவ்வளவு தள்ளிப் போகாது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இதெல்லாம் பொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது. என் தொழில் வெல்டு. சோடியத்துக்கு அடியில் கிடக்கும் ஒரு வெல்டில் கிராக் இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

புதுப்பட்டினத்தான்:

பார்த்திருக்கிறார்கள் சார், உங்களுக்குப் பிடிக்கும். பிரான்சில் ஃபீனிக்ஸ் உலை. 1973இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் நிறுத்தி, பெரிய பழுது பார்த்து 2003இல் மறுபடி ஓட்டினார்கள், 2009இல் மூடினார்கள். அந்த இடைவெளியில் ஒரு கேள்வி வந்தது: உலையின் மையப்பகுதி முழுவதையும் தாங்கும் கூம்பு வடிவத் தாங்கியின் வெல்டுகள் நன்றாக இருக்கின்றனவா? அது முழுக்கச் சோடியத்துக்குள், புரோபைக் கொண்டுபோய் வைக்க வழியே இல்லாத இடம்.

அவர்கள் சோடியத்துக்குள் போகவே இல்லை. கலத்துக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் புரோபை வைத்து, தாங்கி கலத்தோடு சேரும் இடத்திலிருந்து ஒலியைத் தகட்டுக்குள்ளேயே செலுத்தினார்கள். தகடே அலையை வழிநடத்திக்கொண்டு சில மீட்டர் தள்ளியிருக்கும் வெல்டு வரை போய், அங்கிருந்து எக்கோ வெளியே வந்தது. தகட்டின் இரு பக்கமும் சோடியம், ஒலி கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் கசிந்துகொண்டே போகும். கசிந்த பிறகும் மிஞ்சுவதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். வெளியே அதேபோல ஒரு தகட்டில் செயற்கைக் குறை வெட்டி, அதில் வரும் எக்கோவோடு ஒப்பிடாமல் இந்த வேலையில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ரெஃபரன்ஸ் பிளாக் இல்லாமல் நீங்கள் போடுவீர்களா?

கல்பாக்கத்திலும் கலத்தின் வெல்டைப் பார்க்க வெளிப்பக்கம்தான் வழி. முதன்மைக் கலத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புக் கலத்துக்கும் நடுவே சுமார் 300 மி.மீ. இடைவெளி, அதற்குள் ஊர்ந்து போகும் வண்டி. அங்கே சோடியம் இல்லை, நைட்ரஜன் வாயுதான்.

திருவெறும்பூரான்:

தகட்டு அலையா! டேங்க் அடித்தட்டுக்கு அதை நாங்களே போட்டிருக்கிறோம், இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. ஐயா, ஃபீனிக்ஸில் தாங்கியும் கலமும் சேரும் அந்த முக்கு வெல்டிலிருந்தே ஒரு பெரிய எக்கோ எழும்புமே, அதற்குப் பின்னால் வருவதை எப்படிப் பிரித்தார்கள்?

புதுப்பட்டினத்தான்:

நேரத்தை வைத்துத்தான். முக்கின் எக்கோ சீக்கிரம் வந்துவிடும், உங்கள் வெல்டு மீட்டர் கணக்கில் தள்ளி. கேட்டை (திரையில் எக்கோவைத் தேடும் நேர ஜன்னல்) அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, முன்னால் வருவதைக் கண்டுகொள்ளாமல் கெயினை (சிக்னலின் பெருக்கத்தை) ஏற்றுங்கள்.