கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு போன அனுபவம், உங்க யாருக்காவது இருந்தா எழுதுங்க

எனக்கு வயசு 38, பிபி சுகர் ஒண்ணும் கிடையாது. போன வருஷம் சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் வழக்கம்போல கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்து விட்டாங்க, அன்னைக்கு நல்லாதான் இருந்துச்சு. மூணாம் நாள் வலது காதுக்குக் கீழ ஆரம்பிச்சு கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் ஒரே வலி. சுளுக்குன்னு தைலம் தேச்சேன், தலகாணிய மாத்துனேன், ஆனா சுளுக்குன்னா திரும்பும்போதுதான வலிக்கும், இது சும்மா உக்காந்திருந்தாலும் விடல, ராத்திரி படுத்தா காதுக்குள்ள நாடி துடிக்கிற சத்தம் வேற.

அஞ்சாம் நாள் என் வீட்டுக்காரிதான் பாத்துட்டு "என்னங்க வலது கண்ணு பாதி மூடிருக்கு, கண்ணு பாப்பா வேற சின்னதா இருக்கு"ன்னா. ஓடுனோம். சாதா சிடி எடுத்தாங்க, மூளைல ஒண்ணும் இல்ல. அதோட அனுப்பிருந்தா என்ன ஆயிருக்குமோ, டூட்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா என் கண்ணையே பாத்துக்கிட்டிருந்துட்டு ரத்தக்குழாய மட்டும் பாக்குற சிடி ஆஞ்சியோ எழுதுனாங்க. வலது கரோடிட், அதாவது கழுத்து முன்பக்கமா மூளைக்குப் போற பெரிய குழாய், அதுல கிழிசல்!

அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். குழாய் சுவர்ல மூணு அடுக்கு இருக்கு, உள் அடுக்கு கிழிஞ்சா ரத்தம் சுவருக்குள்ளயே பூந்து உப்பிக்கும், ரத்தம் போற வழி குறுகிடும், அங்க ரத்தக்கட்டி உண்டாகி அது மேல மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். கண்ணுக்குப் போற ஒரு நரம்பு அந்தக் குழாய ஒட்டியே ஏறுது, அது நசுங்குனதாலதான் இமை தொங்கிருக்கு. 50 வயசுக்குள்ள வர்ற ஸ்ட்ரோக்குக்கு இது ஒரு முக்கியமான காரணமாம். சலூன்தான் காரணம்னு அடிச்சு சொல்லல, பலமா இருமுனாக்கூட கிழியலாம்னாங்க, ஆனா என் மனசு அதத்தான் சொல்லுது. ஆபரேஷன் இல்ல, ஆஸ்பிரின் மட்டும்தான். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன்ல ஒட்டிருச்சு.

*

தம்பி, படிக்கும்போதே கை நடுங்குது. என் தங்கச்சிக்கு இதே பிரச்சன, ஆனா பின்பக்கம் முதுகெலும்பு வழியா ஏறுமே அந்தக் குழாய்ல. ரெண்டு வாரம் விடாத இருமல், அப்புறம் பிடரி வலி, ஒருநாள் காலைல எந்திரிச்சவ நிக்க முடியாம சுத்தி விழுந்து வாந்தி. பித்தம்னு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் தண்ணி முழுங்க முடியல, குரல் கம்மிருச்சு, அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, எம்ஆர்ஐ எடுத்தா மூளைத்தண்டுல ஸ்ட்ரோக். 12 நாள் மூக்கு வழியா டியூப்லதான் கஞ்சி. இன்னிக்கும் முகத்துல வலது பக்கம் மரப்பு, உடம்புல இடது பக்கம் சுடுதண்ணி ஊத்துனா சூடே தெரியல. அதனால வலது கைய விட்டுப் பாத்துட்டுதான் குளிக்கிறா. தலசுத்தலோட புதுசா பிடரி வலியும் இருந்தா அத டாக்டர்கிட்ட அழுத்தி சொல்லுங்கப்பா, நாங்க வாந்திய மட்டும்தான் சொன்னோம்.

*

நான் லெதர் பால் கிரிக்கெட் ஆடுறவன். 2014 நவம்பர்ல சிட்னில ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் பில் ஹியூஸுக்கு பவுன்சர் பந்து கழுத்துல பட்டு இந்தப் பின்பக்கக் குழாய்தான் கிழிஞ்சது, மூளையச் சுத்தி ரத்தம் கசிஞ்சு ரெண்டே நாள்ல போயிட்டார், 25 வயசு. அதுக்கப்புறம்தான் ஹெல்மெட்டுக்குப் பின்னாடி கழுத்துக்கும் தடுப்பு (கார்டு) வந்துச்சு. எங்க டீம்ல பாதிப்பேர் அத கழட்டி வெச்சுட்டு ஆடுறாங்க, இந்த த்ரெட்ட குரூப்ல போட்டிருக்கேன்.

*

அக்கா, தங்கச்சி இப்ப சாப்பாடு முழுங்குறாங்களா? எனக்கு இமை சரியாக நாலு மாசம் ஆச்சு. சலூன் அண்ணன்கிட்டயும் போய் ஸ்கேன் படத்தக் காட்டுனேன், பாவம் மனுஷன் ரொம்ப நேரம் பேசவே இல்ல, இப்ப யார் கேட்டாலும் தோள மட்டும்தான் பிடிச்சு விடுறார், கழுத்துல கை வைக்கிறதில்ல.