103 லாப்பா, அதிர்ஷ்டமா? 1992 நாஸ்கார் பட்டமும் குல்விக்கியின் டீமும்

ஏழாம்நம்பர்
'வேகத்தடை' நேற்று வேறொரு இழையில் எழுதிவிட்டுப் போனதை அப்படியே தருகிறேன்: "1992 வின்ஸ்டன் கப்பை ஆலன் குல்விக்கி ஜெயிக்கவில்லை. டேவி அலிசன் மோதி வெளியே போனதால் அது அவர் மடியில் வந்து விழுந்தது. ஏகே ரேசிங் ஒரு வருஷத்து அதிர்ஷ்டம், அவ்வளவுதான்."

வின்ஸ்டன் கப் என்றால் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் சீசன் முழுக்கச் சேரும் பாயிண்டில் கிடைத்த வருடப் பட்டம். ஏகே ரேசிங் குல்விக்கியின் சொந்த டீம். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. விஸ்கான்சினிலிருந்து கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது டிரக் எரிந்துபோய், இரவல் வண்டியில் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு நாஸ்கார் டீம்கள் இருக்கும் சார்லட் பக்கம் வந்தவர் அவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1986இல் சொந்த டீம் தொடங்கியபோது ஒரு கார், இரண்டு இன்ஜின், முழுநேர ஆட்கள் இரண்டே பேர். அதை வைத்து அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். பெரிய டீம் ஓனர் ஜூனியர் ஜான்சன் தன் காரை ஓட்டக் கூப்பிட்டும் போகவில்லை. 1992 நவம்பர் 15, அட்லாண்டா, சீசனின் கடைசி ரேஸ். குல்விக்கி முன்னணியில் ஓட்டியது 103 லாப் (சுற்று). ஜான்சன் டீமின் பில் எலியட் 102. அந்த ஒரு லாப்புக்கான 5 பாயிண்டில்தான் பட்டம் வந்தது. கணக்குப் போட்டு ஓட்டி வாங்கியதை 'மடியில் விழுந்தது' என்று எழுத எப்படிக் கை வந்தது?

வேகத்தடை
நன்றாகவே கை வந்தது. இப்போதும் வரும். அட்லாண்டாவுக்குள் நுழையும்போது அலிசன் 3928, குல்விக்கி 3898, எலியட் 3888. அலிசனுக்கு ஐந்தாம் இடம் போதும், வேறு யார் என்ன செய்தாலும் கப் அவருக்கு. அவர் முன்னால் எர்னி எர்வானின் கார் சுழன்றது, இவர் போய் மோதினார், முடிந்தது. எர்வானின் கார் சுழன்றது உங்கள் ஆள் போட்ட கணக்கா?

ஏழாம்நம்பர்
அலிசன் மோதியபோது பட்டம் தானாகக் குல்விக்கியிடம் வந்துவிட்டதா? எலியட் எங்கே போனார்? அந்த ரேஸையே ஜெயித்தவர் எலியட்தானே! அலிசன் போன பிறகு மிச்சம் இருந்தது இரண்டு பேர் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்த்தது 103.

கணக்குப்பிள்ளை
இரண்டு பேருமே கூட்டலைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். அன்றைய விதி: முதலிடத்துக்கு 175, இரண்டாம் இடத்துக்கு 170. ஒரு லாப்பாவது முன்னணியில் இருந்தால் 5. அதிக லாப் முன்னணியில் இருந்தவருக்கு மேலும் 5. எலியட் 175+5 = 180. குல்விக்கி 170+5+5 = 180. அட்லாண்டாவில் இரண்டு பேரும் சமம்! 3898உம் 3888உம் 4078, 4068 ஆயின. 10 பாயிண்ட் வித்தியாசம் அட்லாண்டாவுக்கு வரும்போதே இருந்தது. அதனால் பட்டத்தைத் தந்தது அட்லாண்டாவும் இல்லை, 103உம் இல்லை. அதற்கு முந்தைய 28 ரேஸ்.

ஏழாம்நம்பர்
பிள்ளைவாள், பாதிக் கணக்கோடு நிறுத்தினால் எப்படி? எலியட் 103, குல்விக்கி 102 என்று வைத்துப் பாருங்கள். எலியட் 185, குல்விக்கி 175. இரண்டு பேரும் 4073. சமன் ஆனால் அதிக ரேஸ் ஜெயித்தவருக்குக் கப். எலியட் அந்த வருடம் 5, குல்விக்கி 2. கப் ஜான்சன் வீட்டுக்குப் போயிருக்கும். இப்போது சொல்லுங்கள், 103 இல்லையா?

கணக்குப்பிள்ளை
அந்த 10 பாயிண்ட் முன்னிலை இல்லாவிட்டால் உங்கள் 103 எதற்கு ஆகும்? முந்தைய ரேஸ்களில் 10 பாயிண்ட் குறைந்திருந்தால்கூட மொத்தமும் மாறியிருக்கும். ஒரு லாப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது கணக்கு அல்ல.

ஏழாம்நம்பர்
தொங்குவேன். ஏனென்றால் அந்த லாப்பை அவர்கள் தெரிந்தே எடுத்தார்கள். 328 லாப் ரேஸ். க்ரூ சீஃப் (மெக்கானிக்குகளின் தலைவர்) பால் ஆண்ட்ரூஸின் ஆட்கள் முன்னணி லாப்புகளை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 310வது லாப் வரை டிராக்கிலேயே ஓட்டவிட்டு, எலியட்டால் இனி எட்ட முடியாது என்று உறுதியான பிறகே பிட்டுக்கு (பெட்ரோல் போட்டு டயர் மாற்றும் இடத்துக்கு) கூப்பிட்டார்கள். பெட்ரோல் மட்டும் போட்டார்கள், டயரைத் தொடவில்லை. இத்தனைக்கும் முதல் பிட்டிலேயே முதல் கியர் போய்விட்டது. பிட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் மேல் கியரில்தான் கிளம்ப வேண்டும், பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். இப்படி ஓட்டி 103 எடுத்தவரைத்தான் அதிர்ஷ்டக்காரர் என்கிறார்கள்.

ஜான்சன்கட்சி
நடுவில் வருவதற்கு மன்னிக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் வருகிறேன். எலியட்டின் டீம், க்ரூ சீஃப் டிம் ப்ரூவர், அன்று ரேஸை ஜெயித்தார்கள். ரேஸ் ஓட்டுவது ஜெயிக்கத்தானே? ஜெயித்தவனுக்கு 180, தோற்றவனுக்கும் 180 என்றால் விதி கோணலாக இருந்தது என்று அர்த்தம். அந்தக் கோணலில் கிடைத்த பட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

ஏழாம்நம்பர்
விதி இரண்டு டீமுக்கும் ஒன்றுதான். உங்கள் ஆட்கள் எண்ணவில்லை, எங்கள் ஆட்கள் எண்ணினார்கள். 103.

ஜான்சன்கட்சி
'எங்கள் ஆட்களாம்'! நீங்கள் என்ன பிட்டில் டயர் தூக்கினீர்களா?

ஏழாம்நம்பர்
இல்லை. நீங்களும் ஜான்சன் வீட்டில் சாப்பிட்டவர் இல்லை. ஆனால் அவர் செய்தது எல்லோருக்கும் தெரியும். 1990 சீசனுக்குக் கூப்பிட்டார், குல்விக்கி மறுத்தார். அடுத்த வருடமும் கூப்பிட்டார், மறுத்தார். குல்விக்கி பேசிக்கொண்டிருந்த மேக்ஸ்வெல் ஹவுஸ் ஸ்பான்சர் கடைசியில் ஜான்சனின் இரண்டாவது காருக்குப் போனது. 1991 சீசனை ஸ்பான்சர் இல்லாமல் தொடங்கியவர் குல்விக்கி. ஹூட்டர்ஸ் என்ற உணவகக் கம்பெனி ஸ்பான்சர் செய்த வேறொரு கார் அட்லாண்டாவில் தகுதி பெறாமல் போனதால்தான் ஹூட்டர்ஸ் இவரிடம் வந்தது. அந்த ரேஸுக்கு இவர் போல் பொசிஷனும் (முதலிடத்தில் கிளம்பும் உரிமை) எடுத்தார்.

வேகத்தடை
பாருங்கள், நீங்களே சொல்லிவிட்டீர்கள். வேறொருவர் தகுதி பெறாததால் ஸ்பான்சர். வேறொருவர் மோதியதால் கப். 1988இல் ஃபீனிக்ஸ், அவருடைய முதல் வெற்றி, அது எப்படி? ரிக்கி ரட் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் போனது. இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை என்றால் வேறென்ன? ஜெயித்ததும் எதிர்த்திசையில் வட்டம் சுற்றி ஆடினாரே, ரட்டுக்கு நன்றி சொல்லி இன்னொரு வட்டம் சுற்றியிருக்க வேண்டும்.

ஏழாம்நம்பர்
இன்ஜின் உடையாமல் காரைக் கடைசி வரை கொண்டுவருவதும் ரேஸ்தான். ரட்டின் இன்ஜினைக் குல்விக்கி உடைத்தாரா? அந்த எதிர்த்திசை வட்டம் போலந்து வழி வந்தவர் தன் மக்களுக்காகச் செய்தது. அதைக் கிண்டல் செய்யாதீர்கள். குல்விக்கி செத்த அதே வார இறுதியில் பிரிஸ்டலில் ஜெயித்த ரஸ்டி வாலஸ் அதே வட்டத்தைச் சுற்றினார். வாலஸுக்குத் தெரிந்த மரியாதை உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

வேகத்தடை
மரியாதையை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். 1992இல் அலிசன் எதையெல்லாம் தாண்டி வந்தார் என்று இந்த இழையில் ஒரு வார்த்தை எழுதினீர்களா? ஜூலையில் போகோனோவில் கார் உருண்டு கை எலும்பு முறிந்தது. ஆகஸ்டில் மிச்சிகனில் தம்பி கிளிஃபோர்ட் இறந்தார். அதோடு வந்து ஃபீனிக்ஸில் ஜெயித்து முன்னிலை எடுத்தவர். அடுத்த ஜூலையில் டல்லடேகாவில் ஹெலிகாப்டர் விழுந்து அவரும் போய்விட்டார். அலிசன் வெளியே போனதை 'அதன் பிறகு மிச்சம் இருந்தது' என்று ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். அதுதான் எனக்கு எரிகிறது.

ஏழாம்நம்பர்
அலிசனைப் பற்றி ஒரு குறைகூட நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் துக்கத்தைக் கொண்டுவந்து குல்விக்கியின் 103க்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். செப்டம்பரில் டோவரில் மோதியபோது குல்விக்கி 278 பாயிண்ட் பின்னால். மிச்சம் ஆறே ரேஸ். இனி ஒன்றுமில்லை என்று அவரே நினைத்த நிலைமை. அங்கிருந்து ஏறி வந்தார்.

ஜான்சன்கட்சி
ஏறி வந்தாரா, எலியட் இறங்கி வந்தாரா? அந்தக் கடைசி ரேஸ்களில் எலியட்டின் காரில் வரிசையாகக் கோளாறு. அதுவும் சேர்த்துத்தான் உங்கள் 278.

டான்வில்தாசன்
எல்லோரும் 'சின்ன டீம், சின்ன டீம்' என்கிறீர்கள். ஹூட்டர்ஸ் பணம், ஃபோர்டு கார். இதுவா சின்ன டீம்? வர்ஜீனியா டான்வில்லில் வெண்டெல் ஸ்காட் பழைய கார்களை வாங்கி, இன்ஜினைத் தன் கையால் கழற்றி மாட்டி, மகன்களையே பிட் ஆட்களாக வைத்து ஓட்டினாரே, அது சின்ன டீம். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். இரண்டு லாப் முன்னால் ஜெயித்தவருக்குக் கொடியைக் காட்டாமல் பக் பேக்கருக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். கறுப்பர் என்பதால். ஸ்காட்தான் ஜெயித்தார் என்று அறிவித்தபோது கூட்டமே கலைந்துவிட்டது. குடும்பத்துக்குக் கோப்பை வந்தது 2021இல். இங்கே ஒரு லாப்புக்கு அழுகிறீர்கள், அங்கே இரண்டு லாப்பையே முழுங்கினார்கள்.

ஏழாம்நம்பர்
ஸ்காட் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன். இது குல்விக்கி இழை.

டான்வில்தாசன்
போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். தனி இழை தொடங்கினேன். நீங்கள் வரவே இல்லை.

பிட்லேன்பாலா
அண்ணே, ஒரு விஷயம். தானே ஓனராகவும் டிரைவராகவும் இருந்து கப் வாங்கிய கடைசி ஆள் குல்விக்கி என்று உங்கள் கையெழுத்து வரியில் போட்டிருக்கிறீர்கள். 2011இல் டோனி ஸ்டூவர்ட் வாங்கினாரே? மாற்றுங்கள்.

ஏழாம்நம்பர்
தம்பி பாலா, ஸ்டூவர்ட் பாதி ஓனர். மறுபாதி ஜீன் ஹாஸ். இன்ஜினும் சேசிஸும் ஹென்ட்ரிக் என்ற பெரிய டீமிடமிருந்து. குல்விக்கிக்கு எந்த ஹாஸ் இருந்தார்? சம்பளப் பட்டியல் முதல் கார் செட்டப் வரை அவரே பார்த்தார். அந்த வரி அங்கேயே இருக்கும்.

பிட்லேன்பாலா
பாதி ஓனரும் ஓனர்தானே அண்ணே. ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் 2403இல் சமம். 5 வெற்றி, 1 வெற்றி என்ற கணக்கில் ஸ்டூவர்ட்டுக்கு வந்தது. சமன் ஆனால் வெற்றிக் கணக்கு என்று எலியட்டுக்கு நீங்கள் சொன்ன அதே விதி! அங்கே விதி செல்லும், இங்கே ஓனர் செல்லாதா?

ஏழாம்நம்பர்
விதி செல்லும். பாதி ஓனர் செல்லாது.

வேகத்தடை
எல்லாவற்றையும் அவரே பார்த்தார் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் உங்கள் டீமில் வேலைக்குச் சேர்ந்த ரே எவர்ன்ஹாம் 1992 தொடக்கத்தில் வந்த வேகத்திலேயே வெளியே போனார். பிறகு அதே எவர்ன்ஹாம் டிரைவர் ஜெஃப் கார்டனோடு போய் என்ன செய்தார் என்று ஊருக்கே தெரியும். அதே அட்லாண்டா ரேஸ்தான் கார்டனுக்கு முதல் கப் ரேஸ். அப்படிப்பட்ட ஆளைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாத டீம் உங்கள் டீம்.

ஏழாம்நம்பர்
எவர்ன்ஹாம் போனார், கப் வந்தது. அந்த வருடம் அவர் இல்லாமலேயே வந்தது. எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்ததால்தான் 310வது லாப்பில் யாரிடமும் கேட்காமல் முடிவெடுக்க முடிந்தது. பெரிய டீமில் அதற்குள் நாலு பேர் கூட்டம் போட்டிருப்பார்கள். ஃபோர்டிடமும் நாஸ்காரிடமும் அனுமதி வாங்கி, 'தண்டர்பேர்ட்' என்ற ஃபோர்டு காரின் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்தை (TH) எடுத்துவிட்டு 'அண்டர்பேர்ட்' என்று காரின் முன்னால் போட்டு ஓட்டினார். தான் யார், எதிரே நிற்பது யார் என்று தெரிந்த ஆள்.

கணக்குப்பிள்ளை
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அட்லாண்டாவில் 180, 180. ஆமா, இல்லையா?

ஏழாம்நம்பர்
180 எப்படி வந்தது? 103ஆல் வந்தது. இதற்கு மேல் எத்தனை முறை எழுதுவது?

ஜான்சன்கட்சி
சரி, அப்புறம் என்ன ஆச்சு? 1993 ஏப்ரல் 1, பிரிஸ்டலுக்குப் போகும் வழியில் டென்னசியில் விமானம் விழுந்தது. கொடுமைதான், அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் டீம் என்றால் ஆள் போன பிறகும் நிற்க வேண்டும். ஏகே ரேசிங் நிற்கவில்லை. ஜெஃப் போடைன் வாங்கினார், பெயரே மாறியது. ஏழு வருடக் கடைக்கு 'குல்விக்கியின் டீம்' என்று தலைப்பு வேறு.

ஏழாம்நம்பர்
நிற்கவில்லையா? அதே 7ஆம் எண் காரில் போடைன் 1994இல் மூன்று ரேஸ் ஜெயித்தார். போகோனோ, மிச்சிகன், நார்த் வில்க்ஸ்பரோ. அதுவும் பெரும்பாலோர் குட்இயர் போட்டபோது ஹூசியர் டயரில்! 1996இல் வாட்கின்ஸ் க்ளென். உங்கள் ஜான்சன் டீம் 1995க்கு மேல் எங்கே இருந்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜான்சன்கட்சி
ஆறு கப் வாங்கிவிட்டு ஓய்வெடுத்தவரையும் ஒரே ஒரு கப் வாங்கியவரையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே!

வேகத்தடை
பாலாவிடம் 'பாதி ஓனர் செல்லாது' என்றவர் இப்போது போடைன் வாங்கிய டீமின் வெற்றியைக் குல்விக்கி கணக்கில் எழுதுகிறார். ஓனர் மாறினால் டீம் அதே டீமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஏழாம்நம்பர்
கார் எண் 7. அதே ஆட்கள் பலர். போதும்.

பிட்லேன்பாலா
அப்படியென்றால் ஸ்டூவர்ட்டும் போதும் அண்ணே.

ஏழாம்நம்பர்
போதாது. போய் லாப் அட்டவணையை எடுத்துப் பார். 103.