மலை இறக்கத்துக்கு மொரிஸ் மைனரா, கேஈ70 கொரோலாவா?

லபுக்கலை 4கே:
"மலைநாட்டுக்கு மைனர் 1000தான், கேஈ70 கிட்டவே வராது"ன்னு இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு. நாலு சில்லுக்கும் டிரம் பிரேக் ஐயா! நுவரெலியாவில இருந்து றம்பொடைக்கு இறங்கச் சொல்லுங்க. டிரம் சூடாகி விரிஞ்சா பெடல் கீழே போயிரும். கேஈ70க்கு முன்னுக்கு டிஸ்க்.

அட்டன் மைனர்:
எழுதினது நான்தான். 1962ல வந்த 1098 சீசீ மைனருக்கு முன்னுக்கு 8 அங்குல டிரம். அதை உள்ளிருந்து அழுத்துற ரெண்டு ஷூவும் லீடிங், சில்லு சுத்துறதே ஷூவை இன்னும் இறுக்கும். முன்சில்லு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அட்ஜஸ்டர். டிரம் ஓட்டையால ஸ்குரூ டிரைவரை விட்டு, சில்லு இறுகும்வரை திருப்பி ஒரு கிளிக் பின்னுக்கு விடணும். ஒண்ணை மட்டும் திருப்பிட்டு பிரேக் இல்லன்னு அழுதா நான் என்ன செய்ய? இறங்குறது ரெண்டாவது கியர்ல தம்பி, பிரேக்ல இல்ல.

லபுக்கலை 4கே:
லீடிங் எல்லாம் முன்னுக்குப் போகத்தான். ஏத்தத்துல பின்னுக்கு உருண்டா அந்த ரெண்டும் ட்ரெய்லிங், அவ்வளவாப் பிடிக்காது. டிரம் டிரம்தான். பெடலை மிதிச்சா பிரேக் ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் வேற டிரைவர் காலுக்கடியில, சேஸிக்குள்ள. கார்பெட்டைத் தூக்காம பிரேக் ஒயில் பார்க்க முடியாது. கழட்டப் போனா முன்சில்லுக்கு ஸ்பிரிங்கா இருக்கிற டோர்ஷன் பார் குறுக்க நிக்கும். பிரேக் ஒயில் போற சர்க்கிட் ஒண்ணே ஒண்ணு, ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சில்லும் போச்சு.

பண்டாரவளை கராஜ்:
பிரேக்கை விடுங்கப்பா. மைனர்ல பயப்பட வேண்டியது முன் ட்ரனியனுக்கு, முன்சில்லு திரும்புற மரை மூட்டு அது. கிரீஸ் இல்லாம மரை தேஞ்சா ஓடும்போதே சில்லு மடங்கும். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா ஜக் வச்சுத் தூக்கி, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிங்க. கேஈ70ல 4கே எஞ்சின், 1290 சீசீ, எஞ்சின் மேல்பாகம் ஹெட் அலுமினியம். தண்ணி குறைஞ்சு ஏத்தத்துல கொதிச்சா ஹெட் வளைஞ்சு கேஸ்கட் போகும். மைனருக்கு வார்ப்பிரும்பு ஹெட், கொஞ்சம் தாங்கும்.

அட்டன் மைனர்:
கேட்டுக்கோங்க, வார்ப்பிரும்பு!

லபுக்கலை 4கே:
கராஜ்காரர் எப்பவும் மைனருக்குத்தான் ஜால்ரா. ரேடியேட்டர் மூடி ரப்பர் தேஞ்சா மாத்து, கீழ் ஹோஸ் மெத்துன்னு ஆனா மாத்து, 4கே ஏன் கொதிக்குது? டிரம்முக்குப் பதில் சொல்லுங்க.

அட்டன் மைனர்:
கேஈ70க்குப் பின்னுக்கு என்ன, தங்கமா? அதுவும் டிரம்தானே!

லபுக்கலை 4கே:
இறக்கத்துல பாரம் முன்னுக்குத்தான் விழும். அங்க டிஸ்க். மிதியை லேசாக்குற பூஸ்டரும் இருக்கு.

அட்டன் மைனர்:
பெற்றோல் மிச்சம்னு எஞ்சினை நிப்பாட்டிட்டு நியூட்ரல்ல இறங்குற கூட்டம் உங்க கூட்டம்தானே? எஞ்சின் ஓடினாத்தான் பூஸ்டருக்கு வாக்குவம், ரெண்டு மூணு மிதியில அது தீர்ந்து பெடல் கல்லு மாதிரி ஆயிரும். மைனருக்குப் பூஸ்டரே கிடையாது, ஏமாத்தாது.

தலவாக்கலை எஸ்யூ:
நுவரெலியா உயரத்துல காத்து மெலிஞ்சு 4கே கறுப்புப் புகை தள்ளுறதை யாருமே பேசல. மைனரோட எஸ்யூ காபரேட்டர்ல ஜெட் நட்டை ஒரு பட்டை (ஆறுல ஒரு சுத்து) மேலே திருப்பினா கலவையில பெற்றோல் குறைஞ்சிரும். 4கேக்கு மெயின் ஜெட்டையே மாத்தணும்.

லபுக்கலை 4கே:
கண்டிக்கு இறங்கினதும் அந்த நட்டைத் திரும்பத் திருப்ப பொனட்டைத் திறந்துக்கிட்டு நிப்பீங்களா? ஏர் ஃபில்டர் அடைச்சாலும் கறுப்புப் புகைதான், முதல்ல அதைப் பாருங்க. டிரம்முக்கு இன்னும் பதில் இல்ல.

அட்டன் மைனர்:
பதில் மேலே இருக்கு. வாசிக்கத் தெரிஞ்சா வாசிங்க.

லபுக்கலை 4கே:
வாசிச்சேன். மழைத்தண்ணி டிரம்முக்குள்ள போனா ஷூ வழுக்கும், காயிற வரைக்கும் பிரேக் பிடிக்காது. உங்க அட்டன்ல மழை இல்லாத நாள் எது?